அயர்லாந்தின் பித்தளை நரம்பு ஹார்ப்: அறுந்த வாசிப்பு மரபு எவ்வாறு மீட்கப்பட்டது?

பென்னாகரம் ஆசிரியர் எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம் வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் பகுதித் தெருக்கூத்தில் முகவீணை என்னும் சிறு ஊதுகருவியை வாசிக்கும் முதியவர் ஒருவரின் வாசிப்பைச் சில காலமாகக் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறேன். கூத்து நின்றுவிடவில்லை, திருவிழாக் காலங்களில் விடிய விடிய நடக்கத்தான் செய்கிறது. ஆனால் முகவீணை ஒலித்த இடத்தில் பல குழுக்களில் இன்று ஆர்மோனியம் மட்டுமே ஒலிக்கிறது. வாசிப்பவர்களின் பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்றுவிட்டார்கள்; அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்நிலையில், அயர்லாந்து நாட்டின் பழைய ஹார்ப் (யாழ் போன்ற நரம்புக் கருவி) மரபு முற்றிலும் அறுந்துபோன ஒன்று என ஓரிடத்தில் படித்தேன். 2019-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அயர்லாந்தின் ஹார்ப் வாசிப்பை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது என மற்றோரிடத்தில் படித்தேன். அறுந்துபோனது எப்படி மரபாக ஏற்கப்பட்டது? வாசிப்பவர் எவரும் இல்லாத நிலையில், எதை ஆதாரமாகக் கொண்டு அதை மீட்டார்கள்? டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் பழைய ஹார்ப் பிரையன் போரு மன்னனுடையது என்கிறார்களே, அது உண்மையா? விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால், நான் செய்துவரும் பதிவுப் பணிக்கு அது பெரிதும் உதவும்.

தகடூர் நூலகர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பிரையன் போரு 1014-இல் குளோன்டார்ஃப் போரில் மாண்டவர். டிரினிட்டி கல்லூரியில் உள்ள ஹார்ப் 14 அல்லது 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு செய்யப்பட்ட கருவி அவருடையதாக இருக்க வழியில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அயர்லாந்து அரசின் சின்னத்தில் இருப்பதும், 1928 முதல் அந்நாட்டு நாணயங்களில் இடம்பெறுவதும் இந்த ஹார்ப்பின் உருவம்தான்.

இனி, மரபு அறுந்த காரணத்துக்கு வருவோம். தர்மபுரியில் இருப்பவர்களுக்கு இதை நெடுக விளக்க வேண்டியதில்லை. ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய புறநானூற்றின் 92-ஆம் பாடல் ‘யாழொடும் கொள்ளா’ என்றே தொடங்குகிறது. குழந்தையின் மழலை யாழிசையோடு பொருந்தாது, ஆயினும் தந்தைக்கு அது இனிக்கிறது என்பது அப்பாடலின் கருத்து. ஒரு சொல்லின் இனிமையை அளப்பதற்கு யாழை அளவுகோலாகக் கொள்ளும் அளவுக்கு அந்த அவையில் யாழ் ஊறியிருந்தது. கேலிக் (அயர்லாந்தின் பழைய மொழியும் பண்பாடும்) அயர்லாந்தின் குறுநிலத் தலைவர்களின் அவைகளும் அத்தகையவையே. புலவர் புகழ்ப்பாட்டை இயற்றுவார்; அதை ஓதுவதற்கென்று ஒருவர் இருப்பார்; ஹார்ப் வாசிப்பவர் உடன் வாசிப்பார். 12-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குச் சென்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்டு, அந்நாட்டு மக்களைப் பற்றிக் கடுமையாகவே எழுதியவர். அவர்கூட ஹார்ப் வாசிப்பின் வேகத்தையும் நுட்பத்தையும் வியந்து பாராட்டியிருக்கிறார்.

புரவலர் வீழ்ந்தால் பாணர் எங்கே போவார்? 1601-இல் கின்சேல் போரில் கேலிக் தலைவர்கள் தோற்றனர். 1607-இல் வடபகுதித் தலைவர்கள் நாட்டை விட்டே வெளியேறினர். 1649-இல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் படையெடுத்து வந்த பிறகு நிலங்கள் பெருமளவில் கைமாறின. தலைவர்களின் அவைகளை இழந்த கலைஞர்கள் பெரிய வீடுகளைத் தேடி ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினர். அவர்களில் தலைசிறந்தவர் டர்லா ஓ கரோலன் (1670–1738). பதினெட்டாம் வயதில் பெரியம்மையால் பார்வை இழந்த அவருக்கு, மக்டெர்மட் ரோ குடும்பத்துப் பெருமாட்டி ஹார்ப் கற்பதற்கு ஏற்பாடு செய்து, குதிரையும் வழித்துணையும் கொடுத்து அனுப்பினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று, தமக்கு விருந்தளித்தவர்களின் பெயரில் மெட்டுகளை இயற்றினார். இருநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று அவர் வேறுபாடு பார்க்கவில்லை. பெரியம்மையால் பார்வை இழந்த பிள்ளைகளுக்குப் பிழைப்புக்கு ஒரு வழியாக ஹார்ப் கற்பிப்பது அக்காலத்தில் அங்கே வழக்கமாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிறகு வந்த தலைமுறையில் செல்வர் வீட்டுக் கூடங்களில் பியானோ இடம்பிடித்தது. ஹார்ப் வாசிப்பவரை வரவேற்க ஆளில்லை.

வீணை ஆசிரியை, தர்மபுரி எழுதியது:

நூலகர் ஐயா நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். என் பார்வையில் இந்த வரலாற்றின் மையம் 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த கூட்டம்தான்.

மருத்துவர் ஜேம்ஸ் மக்டானல் முதலானோர் நாட்டில் எஞ்சியிருந்த ஹார்ப் கலைஞர்களை அழைத்துப் பரிசளிக்க ஏற்பாடு செய்தார்கள். மக்டானல் சிறுவயதில் ஆர்தர் ஓநீல் என்னும் பார்வையற்ற கலைஞரிடம் ஹார்ப் பயின்றவர். நாடு முழுவதற்குமாக வந்தவர்கள் அயர்லாந்தைச் சேர்ந்த பத்துப் பேர், வேல்ஸிலிருந்து ஒருவர், அவ்வளவுதான். பலர் முதியவர்கள், பலர் பார்வையற்றவர்கள். ரோஸ் மூனி என்பவர் ஒருவரே பெண். அவர்களின் வாசிப்பைக் கேட்டு எழுதும் பொறுப்பு எட்வர்ட் பன்டிங் என்னும் பத்தொன்பது வயது ஆர்கன் வாசிப்பாளருக்கு அளிக்கப்பட்டது. அந்த நான்கு நாள் பணி அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. பின்னர் ஊர் ஊராகச் சென்றும் மெட்டுகளைத் திரட்டினார்; 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். முதல் தொகுதியில் 66 மெட்டுகள் இருந்தன.

இவ்விடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் உங்கள் பணிக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி இங்கேதான் இருக்கிறது. பன்டிங் அச்சிட்டவை பியானோவில் வாசிப்பதற்கு ஏற்ற வடிவங்கள். ஹார்ப்பில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம்தான். வீணையில் போல மெட்டுக்கட்டையில் அழுத்தி இன்னொரு சுரத்தைப் பெற முடியாது. ஆகவே ஒரே சுருதியமைப்பில் வெவ்வேறு நரம்பை ஆதாரமாகக் கொண்டு வெவ்வேறு பண்ணை எழுப்புவார்கள். நம் யாழிலும் பாலைகள் (பழந்தமிழ்ச் சுர அமைப்புகள்) பிறந்த முறை இதுவே: அரும்பாலையை இன்றைய சங்கராபரணமாகவும், செம்பாலையை அரிகாம்போதியாகவும், கோடிப்பாலையைக் கரகரப்பிரியாவாகவும் ஆய்வாளர்கள் கொள்கின்றனர். அயர்லாந்தின் பழைய மெட்டுகளிலும் இந்த மூன்று சுர அமைப்புகளும் தாராளமாகக் காணப்படுகின்றன. பன்டிங்கோ ஐரோப்பியச் செவ்வியல் இசையில் பயின்றவர். அந்த இசை முறைக்கு ஒவ்வாத இடங்களில் சுரங்களை உயர்த்தியும், அடியில் ஒத்திசைச் சுரங்களைச் சேர்த்தும் அச்சிட்டார். அச்சில் உள்ளதை மட்டும் நம்பியவர்களுக்குக் கிடைத்தது பியானோ இசைதான்.

காப்பாற்றியவை வேறு இரண்டு. ஒன்று, வாசிப்பைக் கேட்டுக்கொண்டே அவர் அவசரமாகக் கிறுக்கிய குறிப்பேடுகள். அவற்றில் பல இடங்களில் வெறும் புள்ளிகளாகவே சுரங்கள் இருக்கின்றன, ஆனால் திருத்தப்படாதவை. பிற்காலத்தில் சார்லட் மில்லிகன் ஃபாக்ஸ் என்னும் அம்மையார் பன்டிங்கின் சந்ததியினரிடமிருந்து அந்தத் தாள்களைப் பெற்று 1911-இல் அவற்றைப் பற்றி ஒரு நூலையும் வெளியிட்டார். இப்போது அவை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இரண்டாவது, 1840 தொகுதியின் முன்பகுதியில் அவர் கொடுத்துள்ள வாசிப்பு முறைக் குறிப்புகள். எந்த விரல் மீட்ட வேண்டும், எந்த விரல் தொட்டு நிறுத்த வேண்டும், ஒவ்வொரு கை அசைவுக்கும் கலைஞர்களிடையே வழங்கிய பெயர் என்ன என்பதையெல்லாம் அவர் பட்டியலிட்டிருக்கிறார்.

நிறுத்துவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஐயம் எழலாம். பழைய ஹார்ப்பின் நரம்புகள் பித்தளைக் கம்பிகள். நகத்தால் மீட்டினால் நாதம் நெடுநேரம் கார்வையாக நிற்கும். அடுத்த சுரம் வரும்போது முந்தையது ஒலித்துக்கொண்டே இருந்தால் இரண்டும் கலந்து மங்கிவிடும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாலோ கார்வையின் அழகே போய்விடும். எதை விடுவது, எதை அடக்குவது என்னும் தேர்வில்தான் அந்த வாசிப்பின் உயிர் இருக்கிறது. சுரக்குறிப்பில் இது வராது.

பெல்ஃபாஸ்ட் கூட்டத்தில் இவ்வாறு நீண்ட நகங்களால் வாசித்தவர் ஒரே ஒருவர்தான்: டெனிஸ் ஹெம்ப்சன். அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. மூன்று வயதில் பார்வை இழந்தவர். முதலில் பிரிஜெட் ஓ கஹன் என்னும் பெண்மணியிடம் பயின்றவர். சுருதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தொடக்கத்தில் வாசிக்கும் ஒரு பழைய உருப்படியை அவர் எளிதில் வாசித்துக்காட்டச் சம்மதிக்கவில்லை. பன்டிங் மிகவும் வற்புறுத்திய பிறகே வாசித்தார். அதை விரல் குறிப்புகளோடு பன்டிங் அச்சிட்டார். இன்று பித்தளை நரம்பு ஹார்ப்பைப் பயில்பவர்களுக்கு அந்தச் சிறு உருப்படி ஒரு முக்கியமான வழிகாட்டி. 1807-இல் ஹெம்ப்சன் இறந்தார்.

ஓசூர் வாசகர் எழுதியது:

சிறப்பான விளக்கங்கள். இடையில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி இருக்கிறது; அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

பெல்ஃபாஸ்டில் 1808-இல் ஹார்ப் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டு, பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆர்தர் ஓநீல் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். சந்தாத் தொகை ஒழுங்காக வராததால் சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. 1819-இல் அந்தப் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டதற்குக் காரணம், இந்தியாவில் இருந்த அயர்லாந்துக்காரர்கள் திரட்டி அனுப்பிய நிதி. அந்தப் பணத்தில்தான் 1839 வரை பள்ளி நடந்தது. இந்த மண்ணிலிருந்து சென்ற பணம் கடல் கடந்து ஒரு கலையை மேலும் இருபது ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியும் வேதனையும் ஒருங்கே உண்டாகின்றன. அந்தப் பணம் யாரிடமிருந்து திரண்டது என்பதை நாம் அறிவோம். அந்தச் சங்கத்தில் பயின்ற பாட்ரிக் பர்ன் என்னும் பார்வையற்ற கலைஞரை 1845-இல் எடின்பரோவில் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள். 1863-இல் அவர் மறைந்ததோடு, பழைய ஆசிரிய மாணவ வழியில் வந்த பெரும் கலைஞர் வரிசை ஓய்ந்தது.

ஆசிரியர் ஐயாவின் முதல் ஐயத்துக்கு விடை இங்கே தொடங்குகிறது. ஏறத்தாழ 1819-இலேயே டப்ளினில் ஜான் ஈகன் என்னும் கருவி செய்வோர் குடல் நரம்புகள் பூட்டிய சிறிய ஹார்ப் ஒன்றை உருவாக்கிவிட்டார். மடியில் வைத்து வாசிக்கும் அளவு. செல்வர் வீட்டுப் பெண்களிடம் நல்ல வரவேற்பு. இன்று அயர்லாந்தில் பெரும்பாலோர் வாசிக்கும் லீவர் ஹார்ப் (சுரத்தை மாற்றச் சிறு நெம்புகோல்கள் பொருத்தியது) இந்த வழியில் வந்ததே. நைலான் அல்லது குடல் நரம்பு, விரல் நுனியால் மீட்டல், வலது தோளில் சாய்த்தல், வலக்கை மேல் ஸ்தாயிக்கு. பழைய முறையிலோ கருவி இடது தோளில் சாயும். மேல் ஸ்தாயிக்கு இடக்கை. ஏறக்குறைய எல்லாமே தலைகீழ்.

இந்தப் புதிய கருவியின் வரலாறு அறுந்துபோகவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடப் பள்ளிகள் அதைக் கற்பித்தன. 1950-களில் மேரி ஓஹாரா போன்ற பாடகியர் அதை வாசித்துக்கொண்டே பாடிப் புகழ்பெற்றனர். 1960-இல் ஹார்ப் அன்பர்களின் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. 1970-களிலிருந்து மாய்ரா நி கஹசி, நடன மெட்டுகளின் வேகமான அலங்காரங்களை ஹார்ப்புக்குக் கொண்டுவந்தார். பித்தளை நரம்பு ஹார்ப் மீண்டது இதற்கு இணையாக, தனியாக, மிகவும் தாமதமாக. கிரான்யா யேட்ஸ் அயர்லாந்தில் அதை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அமெரிக்காவைச் சேர்ந்த ஆன் ஹேமன் 1970-களில் தொடங்கி, பன்டிங்கின் குறிப்புகளை வரிவரியாகக் கையில் பயின்று, நக வாசிப்பையும் நரம்பை நிறுத்தும் முறையையும் மீட்டெடுத்தார். 2002-இல் அயர்லாந்து வரலாற்று ஹார்ப் சங்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டிலிருந்து கில்கென்னி வட்டாரத்தில் கோடைப் பள்ளி நடைபெறுகிறது. யுனெஸ்கோவின் ஏற்பு இன்றைய ஹார்ப் வாசிப்பு முழுவதற்குமானது. இரண்டு கிளைகளும் அதில் அடக்கம்.

கிருஷ்ணகிரி மரவேலைக்காரர் எழுதியது:

ஐயா, நான் மரவேலை செய்பவன். கருவியின் உடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழைய ஹார்ப்பின் கூடு பலகைகளை ஒட்டிச் செய்தது அன்று. வில்லோ மரத்தின் ஒரே கட்டையைப் பின்புறமிருந்து குடைந்து, பின்னர் தனிப் பலகையால் மூடிவிடுவார்கள். நம் ஊரில் ஒரே பலா மரத்தில் கடையும் ஏகாண்ட வீணையைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். முகப்புப் பலகையும் அந்தக் கட்டையின் பகுதியே. ஆதலால் எவ்வளவு மெல்லியதாகக் குடைவது என்பதை உளிதான் தீர்மானிக்க வேண்டும். மெல்லியதாகிவிட்டால் கம்பிகளின் இழுப்பில் பிளந்துவிடும். தடித்துவிட்டால் நாதம் வராது. டிரினிட்டி ஹார்ப்பின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நரம்பு வெளியே வரும் ஒவ்வொரு துளையிலும் கம்பி மரத்தை அறுக்காமலிருக்கக் குதிரை லாடம் போன்ற சிறு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். மேலே வளைந்த கழுத்தின் இருபுறமும் உலோகப் பட்டைகள். அவற்றின் ஊடாகச் செல்லும் பித்தளை முளைகளைச் சாவி கொண்டு திருகிச் சுருதி சேர்க்கிறார்கள். முன்புறம் ஒரு தூண் கழுத்தையும் கூட்டையும் தாங்குகிறது. நம் யாழுக்கு அந்தத் தூண் கிடையாது. கோடு என்னும் தண்டு மட்டுமே வளைந்து நிற்கும். அதனால்தான் அவர்களால் உலோகக் கம்பியை இறுக்கிப் பூட்ட முடிந்தது.

ஹெம்ப்சன் வாசித்த ஹார்ப்பைக் கோர்மக் ஓ கெல்லி என்பவர் 1702-இல் செய்தார். சதுப்பு நிலத்துக்கடியில் புதைந்து கிடந்த மரத்தையும் அதில் பயன்படுத்தியிருக்கிறார். நோவா காலத்து வெள்ளத்தில் மறைந்த மரத்தைத் தாம் தோண்டியெடுத்த செய்தியைக் கருவியிலேயே செய்யுளாகப் பொறித்தும் வைத்திருக்கிறார். தான் செய்த பொருளில் மரம் வந்த வழியையும் ஆண்டையும் எழுதிவைத்த அந்தக் கைவினைஞரை நான் வணங்குகிறேன்.

இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட பழைய கருவிகள் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் எஞ்சியிருக்கின்றன. அவற்றை அளந்து, அதே மரத்தில், அதே முறையில் மறுபடியும் செய்தார்கள். நம் யாழுக்கு அந்த வாய்ப்பு இல்லாமற்போயிற்று. விபுலானந்த அடிகள் பாட்டுகளையும் உரைகளையும் கணக்குகளையும் கொண்டே 1947-இல் யாழ் நூலை வெளியிட வேண்டியிருந்தது.

பென்னாகரம் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வீணை ஆசிரியை அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் இதுவரை பதிவு செய்தவை அனைத்தும் ஒலிப்பதிவுகள். இராகம், பாட்டின் முதலடி, எந்தக் கூத்தில் எந்தப் பாத்திரத்தின் வருகைக்கு வாசிப்பது என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன். பன்டிங்கின் பணியை நோக்கும்போது, இன்னும் எவற்றைச் சேர்க்க வேண்டும்?

வீணை ஆசிரியை, தர்மபுரி எழுதியது:

ஆசிரியர் ஐயா, ஒலிப்பதிவு இருப்பதே பெரும் பேறு. பன்டிங்குக்குக் காதும் தாளும் மட்டுமே இருந்தன. இனிக் காணொளியாக எடுங்கள். முகத்தைவிட விரல்களும் உதடுகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு முறை மேடை வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே உருப்படியை மெதுவாக, மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல வாசிக்கச் சொல்லுங்கள். மெதுவாக வாசிக்கும்போது அவரே நிறுத்தி, ‘இங்கே இப்படி விட வேண்டும்’ என்று சொல்வார். அந்தப் பேச்சை வெட்டிவிடாதீர்கள். அசைவுகளுக்கும் பிடிகளுக்கும் அவர் வழங்கும் பெயர்களை அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். சங்கீதப் புத்தகச் சொற்களாக மாற்ற வேண்டாம். சுரம் சற்றுக் கூடியோ குறைந்தோ ஒலித்தால் அதைத் திருத்தி எழுதவும் வேண்டாம். கருவியின் நீளம், துளைகளுக்கு இடையிலான தூரம், துளையின் அகலம் ஆகியவற்றை அளந்து வரைந்துகொள்ளுங்கள். இந்த வேலைக்குக் கிருஷ்ணகிரி அன்பர் துணை செய்வார் என்று நம்புகிறேன். முகவீணைக் கலைஞர் யாரிடம் கற்றார், அந்த ஆசிரியர் எந்த ஊர், எந்தக் குழு என்பதையும் கேட்டு வையுங்கள்.

கிருஷ்ணகிரி மரவேலைக்காரர் எழுதியது:

கட்டாயம் வருகிறேன், ஐயா. அளவுக்கருவிகளைக் கொண்டுவருகிறேன். சீவாளியை (ஊதுவதற்கு வாயில் வைக்கும் நாணல் பகுதியை) அவரே கட்டுகிறாரா, வாங்குகிறாரா என்று முதலில் கேளுங்கள். அவரே கட்டுவதானால், நாணலைத் தேர்வதிலிருந்து நூல் சுற்றி முடிப்பது வரை ஒரு முறையாவது முழுமையாகப் படம்பிடிக்க வேண்டும்.

பென்னாகரம் ஆசிரியர் எழுதியது:

அவரேதான் கட்டுகிறார், ஐயா. சீவாளியைப் பதிவு செய்ய வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றவில்லை. பாரதக் கூத்துக் காலம் தொடங்கிவிட்டால் அவரைப் பகலில் பிடிக்க முடியாது. ஆகவே அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்து உங்களுக்குத் தெரிவிக்கிறேன். எடுக்கும் காணொளிகளை இந்த இழையிலேயே பதிவேற்றுகிறேன். அம்மா கேட்டுப் பார்த்து, மறுபடியும் கேட்டறிய வேண்டிய இடங்களைக் குறித்துத் தர வேண்டும்.